எதிரி சுடாமல் விழுந்த விமானங்கள்

2019 பிப்ரவரி 1 அன்று காலை, பெங்களூருவில், விமானம் செய்யும் பொதுத்துறை நிறுவனமான எச்.ஏ.எல்.லின் ஓடுபாதையிலிருந்து ஒரு மிராஜ் 2000 கிளம்பியது. மேம்படுத்தும் வேலை முடிந்த விமானத்தை விமானப்படையிடம் ஒப்படைப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பறப்பு அது. எழும்பும்போதே விழுந்து எரிந்தது. சோதனை விமானிகள் இருவரும் இறந்தார்கள். பிப்ரவரி 19 அன்று பெங்களூருவின் எலகங்காவில் கண்காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த, விமானப்படையின் சாகசப் பறப்புக் குழுவான சூர்யகிரணின் இரண்டு விமானங்கள் வானிலேயே மோதிக்கொண்டன. ஒரு விமானி இறந்தார். அடுத்த வாரம், 26ஆம் தேதி அதிகாலையில், மிராஜ் 2000 விமானங்கள் எல்லை தாண்டிப் போய் பாலாகோட்டில் குண்டு போட்டன. மறுநாள் வானில் சண்டை நடந்தது. மிக்-21 ஓட்டிய அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்டார். தமிழ்நாடு முழுக்க அவருக்காகக் காத்திருந்தது, இரண்டு நாளில் திரும்பியும் வந்தார்.

அதே 27ஆம் தேதி காலை, காஷ்மீரின் பட்காமில் விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. அதில் இருந்த ஆறு பேரும், கீழே தரையில் நின்ற உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். ஏதோ கோளாறு என்றுதான் முதலில் பேச்சு. ஏழு மாதம் கழித்து, அக்டோபரில், விமானப்படைத் தளபதியே வெளிப்படையாகச் சொன்னார்: அதை வீழ்த்தியது நம்முடைய ஏவுகணை. பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு மாதத்துச் சம்பவங்களில் விமானப்படையினர் ஒன்பது பேர் போனார்கள். அவர்களில் எதிரி சுட்டு இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

முதல் இரண்டு விபத்தும் நடந்த இடங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அடுத்த வாசல். ஓசூரிலிருந்து எச்.ஏ.எல். நிலையம் ஏறத்தாழ 40 கி.மீ. தளி சாலையில் பேலகொண்டப்பள்ளியில் தனியார் விமான ஓடுபாதையே இருக்கிறது. 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் விடியற்காலையில் பஸ்ஸில் போனால், ராணுவத் தேர்வுக்காகச் சாலையோரம் ஓடிப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். விமானம் செய்வதிலும், பழுது பார்ப்பதிலும், அதை நம்பி உள்ளே உட்காருவதிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களுக்குப் பங்கு இருக்கிறது. ஆகவே போர்க்காலத்தில் விமானங்கள் ஏன் எதிரி சுடாமலே விழுகின்றன என்பதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதை விதி என்று விட்டுவிடுவதும் தவறு. விமானியின் பிழை என்று ஒரே வரியில் முடிப்பது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் இந்த இழப்பின் அளவைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கலந்துகொண்டது 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்ட் வரை. அந்தக் காலத்தில், எதிரி விமானங்கள் அநேகமாக எட்டாத தன் சொந்த மண்ணில், அமெரிக்க ராணுவ விமானப்படை ஏறத்தாழ 15,000 பேரை விபத்தில் இழந்தது. பெரும்பாலானோர் பயிற்சியில் இருந்த இளைஞர்கள். ஜெர்மனி மீது குண்டு வீசிய பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் இறந்தவர்கள் 55,000 பேருக்கு மேல். அவர்களில் சுமார் 8,000 பேர் பயிற்சியிலும் விபத்திலும் இறந்தவர்கள். சோவியத் யூனியன் அந்தப் போரில் இழந்த விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை சண்டையில் போனவை அல்ல என்பது ரஷ்ய ராணுவ வரலாற்றாளர்கள் போட்ட கணக்கு. வியட்நாமில் அமெரிக்கா இழந்த ஹெலிகாப்டர்கள் சுமார் 5,000. அதிலும் ஏறத்தாழப் பாதி எதிரி சுடாமல் விழுந்தவை.

அதெல்லாம் பழைய காலம், இப்போது தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்று தோன்றலாம். செங்கடலில் ஏமனின் ஹூதிப் படையோடு மோதப் போன அமெரிக்காவின் ஹாரி ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பலைப் பாருங்கள். 2024 டிசம்பரில் அதன் எஃப்-18 விமானம் ஒன்றை, கூடவே வந்த அமெரிக்கப் போர்க்கப்பல் தவறுதலாகச் சுட்டு வீழ்த்தியது. 2025 ஏப்ரல் 28 அன்று, இழுவை வண்டியால் நகர்த்திக்கொண்டிருந்த இன்னொரு எஃப்-18 வண்டியோடு சேர்ந்து கடலில் சரிந்தது. எட்டே நாளில், மே 6 அன்று, தரையிறங்கிய விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கேபிள் அமைப்பு சரியாக வேலை செய்யாமல் மூன்றாவதும் கடலுக்குள் போனது. ஐந்து மாதத்துக்குள் மூன்று விமானங்கள். மூன்றையும் எதிரி தொடவில்லை. விமானிகள் உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

ஏன் இப்படி? பதிலின் முதல் பாதி பட்டறையில் இருக்கிறது. அதை நம் தகடூர்க் (இன்றைய தர்மபுரி) கதை ஒன்றே சொல்லிவிடும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னது பலருக்கும் தெரியும். உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றார். அவர் பாடியது வீரத்தைப் பற்றி. அதற்குள் ஒரு பராமரிப்புக் கணக்கும் இருக்கிறது. போர் செய்கிற ஆயுதம் பட்டறைக்குத்தான் வரும். எவ்வளவு வேகமாகப் போர் நடக்கிறதோ அவ்வளவு வேகமாகப் பட்டறை நிரம்பும். கொல்லனுக்கு நேரம் போதாமல், முனை சரியாகாத வேலே களத்துக்குத் திரும்பினால் என்ன ஆகும்?

விமானத்தில் இது நேரடியான கணக்கு. ஒவ்வொரு என்ஜினுக்கும், ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை மணி நேரம் பறந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும், இத்தனை மணியில் மாற்ற வேண்டும் என்று வரையறை உண்டு. அமைதிக் காலத்தில் வாரம் சில முறை பறக்கும் விமானம், போரில் ஒரே நாளில் பல முறை பறக்கும். மாதக்கணக்கில் தேய வேண்டியது வாரக்கணக்கில் தேய்கிறது. உதிரிபாகம் அதே வேகத்தில் வராது. நின்றுபோன ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். ராத்திரி ஷிஃப்டில் டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்க்கும் டெக்னீஷியனுக்குத் தூக்கம் இருக்காது. இறுக்காமல் விட்ட ஒரு நட்டு, மூடாமல் விட்ட ஒரு மூடி, கழற்றாமல் விட்ட ஒரு பாதுகாப்புப் பின் போதும். ஓசூர்த் தொழிற்சாலைகளில் மூன்று ஷிஃப்டு பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆர்டர் நெருக்கும்போது எந்த மணி நேரத்தில் ரிஜெக்ட் அதிகமாகும் என்பது அவர்களுக்கே தெரியும்.

இரண்டாம் பாதி, மேலே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. போர் விமானிகளை விழுங்குகிறது. இழந்தவர்களின் இடத்தை நிரப்பப் பயிற்சிக் காலத்தைச் சுருக்குகிறார்கள். ஜெர்மனியின் கதை இதற்குக் கொடுமையான சான்று. போரின் முதல் பாதியில் அவர்களுடைய சண்டை விமானிகள் 200 மணி நேரத்துக்கு மேல் பறந்து பழகிய பிறகே களத்துக்கு வந்தார்கள். 1944 கடைசியில், எரிபொருள் தட்டுப்பாடும் ஆள் தட்டுப்பாடும் சேர்ந்து, அதில் ஏறத்தாழப் பாதி நேரத்தோடு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விமானமோ, சக்கரங்கள் நெருக்கமாக அமைந்ததால் இறங்கும்போதும் ஏறும்போதும் பக்கவாட்டில் இழுத்துக் கவிழக்கூடிய மெஸ்ஸர்ஷ்மிட் 109. எதிரியைப் பார்க்கும் முன்பே ஓடுபாதையில் செத்தவர்கள் ஏராளம்.

இந்த இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்து வெளிப்பட்ட இடம் இந்திய மண்தான். தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், சீனாவுக்குச் சரக்கு போகும் தரைவழி அடைபட்டது. அசாமின் சபுவா, டின்ஜான் போன்ற விமானத்தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்கு முனை மலைகளைத் தாண்டி, சீனாவின் குன்மிங்குக்கு எல்லாவற்றையும் வானில் தூக்கிக்கொண்டு போக அமெரிக்கா முடிவு செய்தது. விமானிகள் அந்த மலைத்தொடருக்கு வைத்த பெயர் ‘ஹம்ப்’, அதாவது திமில். மூன்றரை ஆண்டுகளில் 6,00,000 டன்னுக்கு மேல் சரக்கு போனது. அந்த வழியில் ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்தன. 1,600 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஜப்பானியச் சண்டை விமானங்களின் தாக்குதலும் இருந்தது. ஆனாலும் பெரும்பகுதியைக் கொண்டுபோனது வானிலையும் மலையும் களைப்பும். பருவமழை மேகத்துக்குள் நுழைந்தால் இறக்கைமேல் பனி உறையும். அதன் எடையில் விமானம் உயரத்தை இழக்கும். கீழே மலை முகடுகள். புதிதாக வந்த சி-46 சரக்கு விமானமோ முழுதாகச் சோதித்து முடியாமலே அனுப்பப்பட்டது. எரிபொருள் கசிந்து வானிலேயே தீப்பிடிக்கும் என்ற பயம் அதை ஓட்டியவர்களுக்கு எப்போதும் இருந்தது.

இந்தப் போர்முனையின் பழுதான விமானங்களும் என்ஜின்களும் வந்து சேர்ந்த பெரிய பட்டறை எது? பெங்களூருதான். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து 1940இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1943இல் அமெரிக்க ராணுவ விமானப்படையின் கைக்குப் போய்ப் பழுதுபார்ப்பு மையமாக மாறியது. பிற்காலத்தில் எச்.ஏ.எல். ஆனதும், அதைச் சுற்றி வளர்ந்த தொழில் ஓசூர் வரை நீண்டதும் அந்தப் பட்டறையின் தொடர்ச்சி.

ஹம்பில் இத்தனை பேர் செத்ததற்கு ஒரு விதிமுறையும் காரணம். 650 மணி நேரம் பறந்து முடித்த விமானி ஊருக்குத் திரும்பலாம் என்று வைத்திருந்தார்கள். கேட்க நல்ல ஏற்பாடு. நடந்தது என்னவென்றால், அந்தக் காட்டு முகாமிலிருந்து சீக்கிரம் தப்ப வேண்டும் என்று விமானிகள் ஓய்வில்லாமல் பறந்து நான்கே மாதத்தில் மணிக்கணக்கை முடித்தார்கள். தூங்கி வழிந்துகொண்டே மலைமேல் பறந்தார்கள். கூடவே மேலிருந்து வந்த உத்தரவு, எந்த வானிலையிலும் இரவிலும் பறக்க வேண்டும் என்பது. டன் கணக்கு ஏறியது. விபத்தும் ஏறியது.

1944 செப்டம்பரில் வில்லியம் டன்னர் என்ற தளபதி பொறுப்புக்கு வந்தார். அவர் செய்த மாற்றங்கள் பார்வைக்குச் சாதாரணமானவை. மணி நேரத்தை 750 ஆக்கினார். அதோடு குறைந்தது ஓராண்டு அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றார். ஊர் திரும்பும் அவசரம் அதோடு போனது. விமானிகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ஒரு விமானத்தை ஒரு குழுவே முழுதாகப் பார்ப்பதை மாற்றி, தொழிற்சாலை வரிசைபோல் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வேலை என்று பராமரிப்பைப் பிரித்தார். ஒவ்வொரு விபத்தையும் ஆராய்ந்து, காரணத்தை எல்லாத் தளங்களுக்கும் தெரியப்படுத்தத் தனிப் பிரிவு வைத்தார். தாங்க முடியாத வானிலையில் திரும்பி வர அனுமதித்தார். பலன்: விபத்து விகிதம் பெருமளவு குறைந்தது, அதே சமயம் தூக்கிப்போன சரக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

போர் நடக்கும்போது பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது கோழைத்தனம், வேகத்தைக் குறைக்கும் வேலை என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். ஹம்ப் அதற்கு நேர் எதிரான சாட்சி. விபத்தைக் குறைத்தவரே அதிகம் சாதித்தார்.

அடுத்தது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நடக்கும் ஒரு சங்கதி. மேகத்துக்குள்ளோ இருட்டிலோ தொடுவானம் தெரியாதபோது, மேல் எது கீழ் எது என்பதை உடம்பு தவறாகச் சொல்லும். நம் உள்காதில் திரவம் நிரம்பிய சிறு வளையங்கள் உண்டு. தலை திரும்பினால் அந்தத் திரவத்தின் அசைவை வைத்துத்தான் திரும்புகிறோம் என்று உணர்கிறோம். ஒரே சீராக அரை நிமிஷம் வட்டமடித்தால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். பிறகு திரும்புவதே தெரியாது, நேராகப் போவதாகத் தோன்றும். மாரியம்மன் திருவிழா ராட்டினத்திலிருந்து இறங்கிய குழந்தை, நிற்கிற தரை சுற்றுகிறது என்று சொல்வது இதனால்தான். குழந்தை சற்று நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் போகும் விமானிக்கு அந்தச் சற்று நேரம் கிடைக்காது. கருவியை நம்பு, உடம்பை நம்பாதே என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். போரிலோ ரேடாரில் சிக்காமலிருக்கத் தாழப் பறக்க வேண்டும், இரவில் விளக்கில்லாமல் போக வேண்டும், மேகம் இருந்தாலும் போக வேண்டும். உடம்பு ஏமாற்றும் சூழ்நிலைகளையே போர் தேடித் தேடிக் கொடுக்கிறது.

2021 டிசம்பர் 8 குன்னூரை நாம் மறக்கவில்லை. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு குழம்பி நிலத்தில் மோதியது என்று விசாரணை சொன்னது. இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை என்றது. நடந்தது அமைதிக் காலத்தில்தான். ஆனால் உலகெங்கும் போர்முனை ஹெலிகாப்டர்கள் விழுவதற்கு இதுவும், இதன் உடன்பிறப்பான புழுதிக் குருட்டும் (ஹெலிகாப்டர் கிளப்பும் புழுதியில் தரையே தெரியாமல் போவது) முக்கியக் காரணங்கள். 1980 ஏப்ரலில், தெஹ்ரானில் பிணையாகப் பிடிபட்டிருந்த தன் தூதரக ஊழியர்களை மீட்க அமெரிக்கா ஹெலிகாப்டர்களை அனுப்பியது. எட்டுக் கிளம்பின. பாலைவனப் புழுதியிலும் கோளாறிலும் போக, நல்ல நிலையில் மிஞ்சியவை ஐந்துதான். போதாது என்று திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பத் தயாரானபோது, ரோட்டார் கிளப்பிய புழுதியில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் ஏற்றி வந்த விமானத்தின் மேல் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஈரானியப் படை ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

கார்கிலை இங்கே சேர்க்க வேண்டும். 1999 மே 27 அன்று நச்சிகேதா ஓட்டிய மிக்-27, மலை இலக்கைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது என்ஜின் அணைந்துபோனது. பாராசூட்டில் குதித்தவர் பாகிஸ்தானிடம் பிடிபட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினார். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். ராக்கெட் சுடும்போது அதன் புகை உள்ளே போனால் என்ஜினுக்கு மூச்சு திணறும். அதே நாளில் அஜய் அஹூஜாவின் மிக்-21 ஏவுகணையால் வீழ்ந்தது. ஒன்று கோளாறு, ஒன்று எதிரியின் அடி. இரண்டும் ஒரே மலையில், ஒரே சண்டைக்குள் நடந்தவை. என்ஜின் அணைந்ததற்கும் எதிரிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியுமா? எதிரி அங்கே இல்லாவிட்டால் அந்த விமானம் அந்த உயரத்தில் ராக்கெட் சுட்டிருக்காதே.

நம்மவரே நம்மவரைச் சுடுவது இதில் எல்லாவற்றையும்விட வலி மிகுந்தது. எந்தப் பெரிய படையும் இதிலிருந்து தப்பவில்லை. 1943 ஜூலை 11 இரவு, சிசிலியில் தங்கள் பாராசூட் வீரர்களையே ஏற்றிவந்த 144 விமானங்கள்மீது அமெரிக்கக் கப்பல்களும் தரைப்படையும் சுட்டன. 23 விமானங்கள் விழுந்தன. சற்று முன்புதான் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. பயத்தில் இருந்த கைகளுக்கு அடுத்து வந்ததெல்லாம் எதிரியாகத் தெரிந்தது. அறுபது ஆண்டு கழித்து, 2003 மார்ச் 23 அன்று, ஈராக் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் டொர்னாடோ போர் விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற வான்காப்பு ஏவுகணை அமைப்பு வீழ்த்தியது. இருவர் இறந்தனர். வருவது விமானம் என்பதே தெரியாமல், தன்னை நோக்கிப் பாயும் ஏவுகணை என்று அந்த அமைப்பின் கணினி எடுத்துக்கொண்டது.

விமானத்தில் ஐ.எஃப்.எஃப். என்று ஒரு கருவி இருக்கும். தரையிலிருந்து யார் நீ என்று ரேடியோ அலையில் கேட்டால், நான் உன் ஆள் என்று அது சங்கேதத்தில் பதில் சொல்லும். அது பழுதானாலோ, அணைத்து வைத்திருந்தாலோ, சங்கேதம் பொருந்தாவிட்டாலோ பதில் வராது. பட்காமில் அந்த ஹெலிகாப்டரின் கருவி அணைக்கப்பட்டிருந்தது என்றும், தளத்துக்குள் தகவல் பரிமாற்றத்தில் குளறுபடி இருந்தது என்றும் செய்திகள் வெளிவந்தன. பொத்தான்மேல் விரல் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது சில விநாடி. சுடாமல் விட்டு அது எதிரியாக இருந்தால் தளமே போகும். சுட்டு அது நம்மவராக இருந்தால்? அந்த விநாடிக்கு முன் வர வேண்டிய எல்லாத் தகவலும் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்க வேண்டும். அது தனி ஒருவரின் பொறுப்பு மட்டும் அன்று, ஏற்பாட்டின் பொறுப்பு.

பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 டிசம்பரில் வைத்த அறிக்கையில், 2017 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளில் விமானப்படை விபத்துகள் 34 என்று இருக்கிறது. காரணங்களில் அடிக்கடி வருவது மனிதத் தவறு. குன்னூருக்கும் அதே இரண்டு சொல்தான். பொய் என்று நான் சொல்லவில்லை. கேள்வி அங்கே முடிந்துவிடக் கூடாது என்கிறேன். ஏனென்றால் இதே மனிதத் தவறை முன்னொரு முறை ஒருவர் விடாமல் தோண்டிப் பார்த்திருக்கிறார்.

1943இல் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஒரு விசித்திரமான முறையில் அடிபட்டுக்கொண்டிருந்தன. பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போது, விமானி தானே சக்கரத்தை உள்ளே மடக்கிவிடுவார். வயிறு தரையில் தேய விமானம் நொறுங்கும். நூற்றுக்கணக்கில் இப்படி நடந்தது. எல்லாவற்றுக்கும் விமானியின் பிழை என்று முத்திரை. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளரை விசாரிக்க அனுப்பினார்கள். சி-47 சரக்கு விமானத்தை ஓட்டுபவர்கள் மட்டும் ஏன் இந்தத் தவறைச் செய்வதில்லை என்று அவர் யோசித்தார். விமானி அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். பி-17இல் சக்கரத்தை மடக்கும் சுவிட்சும், இறக்கைமடலை இயக்கும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சி-47இல் இரண்டும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு விதமாக இருந்தன. எட்டு மணி நேரம் ஜெர்மனிமேல் போய்ச் சாவோடு போராடித் திரும்பிய மனிதன், இருட்டில் கை நீட்டினால் எதைத் தொடுவான்? சப்பானிஸ் சக்கரச் சுவிட்சில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மடல் சுவிட்சில் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டச் சொன்னார். தொட்டாலே தெரியும். அந்த விபத்துகள் நின்றுபோயின. இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கரத்துக்கான கைப்பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

விமானிகள் மாறவில்லை. திட்டுவதால் திருந்தாத தவறு, ஒரு ரப்பர் துண்டால் திருந்தியது. விபத்தை விசாரிப்பது யாரையாவது தண்டிக்க என்று மட்டும் வைத்திருந்தால், டெக்னீஷியன் மறைப்பார், விமானி மறைப்பார், தளபதி மறைப்பார். அடுத்த விமானமும் அதே காரணத்தால் விழும்.

போர்க்காலத்தில் மறைப்பதற்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு. விபத்து என்று ஒப்புக்கொண்டால் நம் பலவீனத்தை எதிரி அறிவான் என்பார்கள். சுடப்பட்டதை விபத்து என்று சொல்லிச் சமாளிப்பதும் நடக்கும், விபத்தில் விழுந்ததை நான்தான் வீழ்த்தினேன் என்று எதிர்த்தரப்பு மார்தட்டுவதும் நடக்கும். ஆகவே சண்டை நடக்கும் நாட்களில் வாட்ஸ்ஆப்பில் வரும் எரிகிற விமானத்தின் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விழுந்தது எது என்பது சில மணி நேரத்தில் தெரியலாம். ஏன் விழுந்தது என்பதற்குச் சிதறிய பாகங்கள், பதிவுப் பெட்டி, ரேடார் பதிவு, பராமரிப்பு ஏடு எல்லாம் சேர வேண்டும், மாதங்கள் ஆகும். சில சமயம் அதற்கும் வழியில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது. ஏழரை ஆண்டு.

போர்க்கால விபத்தில் சாகிறவர்கள் படையினர் மட்டும் இல்லை. 2022 அக்டோபரில் ரஷ்யாவின் யெய்ஸ்க் நகரில், கிளம்பியவுடன் என்ஜினில் தீப்பிடித்த சு-34 விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் விழுந்தது. விமானிகள் குதித்துத் தப்பினார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, இறந்தார்கள். பட்காமில் தரையில் நின்று இறந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓசூரைச் சுற்றி விமானத் தொழிலும் விமான நிலையமும் வரப்போகின்றன என்று பேசும்போது, ஓடுபாதையின் இரு முனைகளிலும் வீடு கட்ட விடாமல் இடம் விடுவதைப் பற்றியும் சேர்த்துப் பேச வேண்டும்.

கடைசியாக, குடும்பங்களைப் பற்றி. பணியில் இறக்கும் படைவீரரின் மனைவிக்குக் கிடைக்கும் ஓய்வூதியம், அவர் எப்படி இறந்தார் என்று கோப்பில் எழுதப்படுவதைப் பொறுத்தது. பணியின்போது நேர்ந்த விபத்து என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். போரிலோ அதற்கு இணையான நடவடிக்கையிலோ என்றால் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளம் முழுவதும். மத்திய அரசின் கருணைத் தொகையிலும் வித்தியாசம் உண்டு: 2016இல் திருத்திய விகிதப்படி விபத்துக்கு 25 லட்சம் ரூபாய், எல்லை மோதலுக்கு 35 லட்சம், போரில் எதிரியின் தாக்குதலுக்கு 45 லட்சம். நான்கு ஆண்டுப் பணிக்கு மட்டும் சேர்க்கப்படும் அக்னிவீரர்களுக்கு இந்த ஓய்வூதியமே கிடையாது. அவர்களுக்கு 48 லட்சம் காப்பீடும், பணியினால் நேர்ந்த மரணம் என்றால் 44 லட்சம் கருணைத் தொகையும் என்பது ஏற்பாடு.

கொட்டும் பனியில் தாழப் பறந்து மலையில் மோதியவர், எதிரியின் ரேடாருக்குப் பயந்து தாழப் பறந்தார் என்றால் அது எந்தப் பிரிவு? நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடுமேடுகளில் நிற்கும் நடுகற்களில், ஆநிரை மீட்டு இறந்தவனுக்கும் கல் இருக்கிறது, புலியோடு போராடி இறந்தவனுக்கும் கல் இருக்கிறது. ஊருக்காக நின்றான் என்பதே அந்தக் கல்லுக்குப் போதுமான தகுதியாக இருந்தது. ஓய்வூதிய விதி அவ்வளவு தாராளம் இல்லை. ஆனால் நீதிமன்றங்கள் அந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே ரோந்து போனபோது கடும் வானிலையால் இறந்த ஒரு வீரரின் மனைவிக்குத் தாராளமய ஓய்வூதியம் தர வேண்டும் என்ற தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, அந்தப் பெண்ணை நீதிமன்றத்துக்கு இழுத்ததற்காக 50,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது. குண்டு பட்டுச் சாகவில்லை என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

ஆகவே இப்படி ஒரு மரணம் நேர்ந்த வீட்டில், துக்கத்தின் நடுவிலும் யாராவது ஒருவர் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. படைப்பிரிவு அனுப்பும் இறப்பு அறிவிப்பில் போர் இழப்பு என்று இருக்கிறதா, வேறு வகையாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். அவர் எந்த இடத்தில், எந்த நடவடிக்கையின் கீழ், என்ன உத்தரவின்படி பறந்தார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விசாரணை மன்றத்தின் முடிவை எழுத்தில் கேட்க வேண்டும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. மனு எழுதுவதை அங்கே தொடங்கலாம். அங்கே தீராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது.